நான்கு நிமிடத் தாமதத்துக்கு எம்.டி.க்கு நகல் போட்ட மெயிலா?

கேள்வி: கோவையில் பம்பும் வால்வும் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் ஏழு மாதமாகத் திட்ட மேலாளராக இருக்கிறேன். செவ்வாய்தோறும் மதியம் 2.30க்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர வாடிக்கையாளருடன் வீடியோ கூட்டம். மார்ச்சில் மூன்று வாரம் நாங்கள் நான்கைந்து நிமிடம் பிந்திச் சேர்ந்தோம். ஏப்ரல் முதல் செவ்வாயன்று 2.30க்குப் போய் உட்கார்ந்தால் அங்கே கூட்டமே முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் ‘கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும்’ என்று இரண்டு வரி மெயில், எங்கள் எம்.டி.க்கும் நகல் போட்டு. பிரேசிலின் சாவோ பாலோ விநியோகஸ்தரோ 20 நிமிடம் பிந்தி வந்து, சிரித்துக்கொண்டே வீட்டு நலம் விசாரிக்கிறார். ஜப்பானின் ஒசாகாவில் ஒரு நிறுவனத்துடன் புதிதாகப் பேச்சு தொடங்குகிறது. அடுத்த மாதம் மூன்று வாரம் ஸ்டுட்கார்ட் போகிறேன். அங்கே ஒரு பொறியாளர் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவா? நான் யார் கடிகாரத்துக்கு ஓடுவது?
— கோவை வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

அந்த மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். நான்கு வரி போதும், இப்படி: தாமதம் எங்கள் பக்கத்துத் தவறு. ஏப்ரல் கூட்டம் தவறியதற்குக் காரணம் கோடைக்காக ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதை நாங்கள் கவனிக்காதது. இனி உங்கள் ஊர் நேரத்தை வைத்தே கணக்கிடுவோம். அடுத்த கூட்டத்துக்கான பேசுபொருள் பட்டியல் இத்துடன் இருக்கிறது. அவ்வளவுதான். அவிநாசி ரோட்டு நெரிசல், கரண்ட் கட், நெட் பிரச்சினை எதுவும் வேண்டாம். எம்.டி.யை நகலில் அப்படியே வையுங்கள். அவரை எடுத்துவிட்டுப் பதில் போட்டால் எதையோ மறைப்பதாகத்தான் படும்.

நம் அலுவலகங்களில் மேலதிகாரிக்கு நகல் போட்டு எழுதுவது சண்டைக்கு அழைப்பது மாதிரி. ஜெர்மன் பொறியியல் நிறுவனங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு வேலைமுறையில் ஓட்டை இருக்கிறது, அதைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவருக்கும் தெரியட்டும் என்பதே அதன் பொருள். அடுத்த செவ்வாய் நீங்கள் நேரத்துக்கு வந்துவிட்டால் அவர்கள் அதை மறுபடி எடுக்கவே மாட்டார்கள். இரண்டு வரியில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கோபத்தில் எழுதுகிறவர் நீளமாக எழுதுவார்.

ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவா என்று கேட்கிறீர்கள். அந்தப் பக்கம் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் உங்கள் ஐந்து நிமிடம் அவர்கள் கணக்கில் அரை மணி. அதைவிட முக்கியம், கூட்டத்தின் முடிவு நேரம். நம்மிடம் தொடக்க நேரம் மட்டும்தான் நேரம். முடிவு, பேச்சு முடியும்போது முடியும். அவர்களுக்கு 10 முதல் 11 வரை என்றால் 11க்கு வேறு இடத்தில் இருக்க வேண்டும். முன்னால் தின்ற ஐந்து நிமிடம் பின்னால் கடைசிப் பொருளிலிருந்து கழியும். அந்தக் கடைசிப் பொருள் பல நேரம் உங்களுக்குத்தான் வேண்டியதாக இருக்கும்: வரைபட ஒப்புதல், பாக்கிப் பணம்.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஃபவுண்டரியில் வார்ப்பு எப்போது கொட்டுகிறார்கள், லேத்தில் வேலை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது செவ்வாய்க்கிழமை திரையில் உங்கள் முகம் எத்தனை மணிக்கு வருகிறது என்பது மட்டும்தான். தெரிந்ததை வைத்துத் தெரியாததை எடைபோடுகிறார்கள். கூட்டத்துக்கே நேரத்துக்கு வராதவர் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவாரா என்பதுதான் அந்த மெயிலுக்குள் இருக்கும் கேள்வி.

இதிலிருந்து ‘ஜெர்மன்காரன் கடிகாரம், நாம் சோம்பேறி’ என்று போய்விட வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் இறுக்கமான கடிகாரம் ஒன்று, தளர்ந்த கடிகாரம் ஒன்று, இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. எந்த வேளைக்கு எது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. ‘காலை 9.00 – 10.30 முகூர்த்தம்’ என்று அச்சடித்தால் 10.35க்குத் தாலி கட்ட நம்மில் யாரும் துணிய மாட்டோம். அதே பத்திரிகையில் ‘மாலை 6.30 வரவேற்பு’ என்று போட்டால் 6.30க்கு மேடையில் பூ அலங்காரக்காரர்கள்தான் இருப்பார்கள். செவ்வாய் ராகு காலம் 3 முதல் 4.30 என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்பவர்களுக்கு நிமிடக் கணக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். ஜெர்மனியிலும் பாருங்கள்: பல்கலைக்கழகக் கால அட்டவணையில் வகுப்பு 10 மணி, பக்கத்தில் ஒரு சிறு குறி இருந்தால் பாடம் தொடங்குவது 10.15க்கு. கால் மணி தாமதம் விதியிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் அது தாமதமே இல்லை.

ஆகவே யார் கடிகாரத்துக்கு ஓடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது. அலுவலக வேலையில் உங்கள் வருகை எந்த நாட்டுக்கும் நிமிடம் தவறாமல் இருக்கட்டும். நேரத்துக்கு வந்ததற்காக எந்த நாட்டு வாடிக்கையாளரும் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்தவர் வருகையை அவர் ஊர்க் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு விருந்து மட்டும் தனி. அங்கே நேரத்துக்குப் போவதே சில ஊர்களில் தொந்தரவு.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். இப்படிப்பட்ட நான்கு நிமிடத் தாமதங்கள் பெரும்பாலும் இணைய இணைப்பால் வருவதில்லை. முந்தைய கூட்டத்திலிருந்து எழுந்திருக்க முடியாததால் வருகின்றன. மேலதிகாரி அறையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுவது நமக்கு மரியாதைக் குறைவு. அந்த மரியாதையின் விலையை ஸ்டுட்கார்ட்காரர் கட்டுகிறார். இதற்கு மருந்து முன்கூட்டியே அனுமதி வாங்குவது. செவ்வாய் காலையிலேயே, “சார், ஒன்னே காலுக்கு நான் எந்திரிச்சுர்றேனுங்க, ஜெர்மனி மீட்டிங் இருக்குது” என்று சொல்லிவிட்டால் சரியான நேரத்தில் எழுவது அவமரியாதை ஆகாது. அந்த மெயில் எம்.டி.க்கும் போயிருப்பதால் இப்போது கேட்பது சுலபம். கூட்டத்துக்கு முந்தைய 15 நிமிடத்தை அவர் காலண்டரிலும் சேர்த்தே அடைத்துவிடுங்கள்.

ஒன்றே கால் என்று எழுதியதைக் கவனித்தீர்களா? உங்கள் கூட்டம் இப்போது 2.30 அல்ல, 1.30. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். குளிர்காலத்தில் நமக்கும் ஜெர்மனிக்கும் வித்தியாசம் நாலரை மணி, கோடையில் மூன்றரை. அவர்களின் 10 மணி குளிர்காலத்தில் நம் 2.30, கோடையில் நம் 1.30. கூட்ட அழைப்பை நீங்கள் இந்திய நேரத்தில் உருவாக்கினால் கோடையில் அவர்களுக்கு 11 ஆகிவிடும். அவர்கள் உருவாக்கினால் நமக்கு 1.30 ஆகிவிடும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. அழைப்பு தானாக மாறியிருக்கும், மனதில் பதிந்த 2.30 மாறவில்லை. அழைப்பில் நேர மண்டலம் ‘பெர்லின்’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு மறுநாளான திங்கட்கிழமைகளில் ‘நாளை உங்கள் 10, எங்கள் இத்தனை மணி’ என்று ஒரு வரி அனுப்புங்கள். அமெரிக்க வாடிக்கையாளர் யாராவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். நடுவில், மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும், மூன்று ஊர்க் கணக்கும் வழக்கத்துக்கு மாறாக இருக்கும். 1.30 என்பது உங்கள் சாப்பாட்டு நேரத்தில் விழுகிறது என்றால், கோடையில் செவ்வாய் மட்டும் உங்கள் குழு 12.45க்குச் சாப்பிடட்டும்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். 1.15க்கு லேப்டாப் சார்ஜரில், லிங்க் திறந்து, மைக் சோதித்து, அன்றைக்குக் காட்ட வேண்டிய வரைபடம் தனிச் சன்னலில் தயாராக இருக்க வேண்டும். 1.27க்கு உள்ளே. கூட்டத்தை நடத்துபவர் நீங்கள் என்றால் இன்னொருவருக்கும் ஹோஸ்ட் உரிமை கொடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பிந்தினால் ஆறு பேரும் காத்திருப்பு அறையிலேயே நிற்பார்கள். போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

அப்படியும் தாமதமானால், செய்தி 1.30க்கு முன் போய்ச் சேர வேண்டும். நம் 1.26க்கு ‘பத்து நிமிடம் ஆகும், முதல் இரண்டு பொருளைத் தொடங்கிவிடுங்கள்’ என்று சொன்னவர் மீதும், 1.33க்கு மூச்சிரைக்க வந்து மன்னிப்புக் கேட்டவர் மீதும் ஜெர்மனியில் விழும் பார்வை வேறு வேறு. முதலாமவர் நேரத்தை நிர்வகித்தவர், இரண்டாமவர் பிந்தியவர். எத்தனை நிமிடம் என்பதையும் கூட்டியே சொல்லுங்கள். ஏழு ஆகும் என்று தோன்றினால் பத்து என்று சொல்லி எட்டில் வாருங்கள். ‘இதோ வந்துட்டேன்’, ‘ரெண்டே நிமிஷம்’ இரண்டையும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் மறந்துவிடுங்கள்; அவர் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் எண்ணுவார்.

சரக்கு தேதியில் இதே விதி இன்னும் பெரிதாகப் பொருந்தும். பேட்டர்ன் தாமதம், வார்ப்பில் ஊது துளை, எதுவானாலும் தெரிந்த அன்றே எழுதுங்கள், புதுத் தேதியோடு. அந்தப் புதுத் தேதி ஒரே தேதியாக இருக்க வேண்டும். மூன்று வாரத் தாமதத்தை ஒரே தவணையில் சொன்னால் முகம் சுளித்துவிட்டு அவர்கள் அசெம்பிளி வரிசையை மாற்றிக்கொள்வார்கள். வாரம் ஒன்றாக மூன்று தவணையில் சொன்னால் நம்பிக்கை போய்விடும். நம்மவர்கள் வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாதே என்று தவணையில் சொல்கிறோம். நல்லெண்ணம்தான், ஆனால் இங்கே அது நேர் எதிராக வேலை செய்கிறது.

அவர்கள் தேதி சொல்லும் முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. ஜெர்மன் தொழிற்சாலைகளில் ‘ஜூன் முதல் வாரம்’ என்பதைவிட ‘காலண்டர் வாரம் 23’ என்பதே வழக்கு. வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். ஜனவரியின் முதல் வியாழன் எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே 1ஆம் வாரம். உங்கள் காலண்டர் செயலியில் வார எண் காட்டும் வசதியை இயக்கி, வார முதல் நாளைத் திங்களாக மாற்றுங்கள். ஞாயிறில் தொடங்கும் நம் காலண்டரை வைத்து எண்ணினால் சில ஆண்டுகளில் ஒரு வாரம் தவறும். 23ஆம் வாரம் என்றால் எந்த நாள், கோவையிலிருந்து கிளம்புவதா அங்கே வந்து சேர்வதா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைவில்லை, நுணுக்கமாகக் கேட்கும் ஆளை அங்கே மெச்சுவார்கள்.

இப்போது உங்கள் பயணம். அடுத்த மாதம் மே என்றால் முதலில் விடுமுறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மே 1, இயேசு விண்ணேற்ற வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள் மூன்றும் நாடு முழுவதும் விடுமுறை. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி வியாழனும் உண்டு. மே 1 தவிர மற்றவை ஈஸ்டரைப் பொறுத்து மே, ஜூனில் மாறி மாறி விழும். வியாழன் விடுமுறையென்றால் பலர் வெள்ளியும் லீவு போட்டுவிடுவார்கள். மற்ற வெள்ளிகளிலும் மதியம் இரண்டுக்கு மேல் அலுவலகம் காலியாகத் தொடங்கும். முக்கியப் பேச்சைச் செவ்வாய் முதல் வியாழன் காலைக்குள் வையுங்கள்.

ஜெர்மன் ரயில் நிமிடம் தவறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024இல் அங்கே தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல், ரத்தான ரயில்களைக் கணக்கில் சேர்க்காமல். ஊரே அதைத் திட்டித் தீர்க்கிறது. ஆனால் ‘ரயில் லேட்’ என்ற சாக்கு உங்களைக் காப்பாற்றாது. ரயில் பிந்தும் என்று தெரிந்தவர்கள் ஒரு ரயில் முன்னாலேயே ஏறிவிடுகிறார்கள். வேறு ஊரில் கூட்டம் என்றால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு மணி நேரம் பிந்தினால் பயணச்சீட்டில் 25 சதவீதமும் இரண்டு மணி பிந்தினால் 50 சதவீதமும் பொதுவாகத் திரும்பக் கேட்கலாம்; டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். தொழிற்சாலை வரவேற்பில் பத்து நிமிடம் முன்னால் நின்றால் போதும். அரை மணி முன்னால் போனால் உங்களை அழைத்துப் போக வேண்டியவர் தன் வேலையை விட்டு வர வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை விருந்து. 7 என்றால் 7க்கும் 7.10க்கும் நடுவில் மணியடியுங்கள். 6.50க்குப் போகவே வேண்டாம். தெருமுனையில் நின்றாலும் பரவாயில்லை. 7.15ஐத் தாண்டும் என்றால் போன் செய்யுங்கள். சமையல் ஏழரைக்கு மேசைக்கு வருகிற மாதிரி அடுப்பில் ஏற்றப்பட்டிருக்கும். நீங்கள் சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்து. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்த வீட்டம்மாவுக்கு மானக்கேடாகிவிடும். கூட வேலை செய்யும் தம்பியையும் அழைத்துப் போகலாமே என்று தோன்றும். கேட்காமல் செய்யாதீர்கள், நாற்காலி எண்ணித்தான் சமைத்திருப்பார்கள். பூவோ, நம் ஊர் இனிப்போ போதும். பத்து, பத்தரை மணிக்குப் பேச்சு தளரும்போது நீங்களே எழுந்துகொள்ளலாம். ‘இருங்க, இருங்க’ என்று நம்மைப் போல் மூன்று முறை சொல்ல மாட்டார்கள். ஒருமுறை சொன்னால் உண்மையிலேயே இருக்கச் சொல்கிறார்கள்.

சாவோ பாலோக்காரரைப் பற்றி நீங்கள் குறையாக எழுதவில்லை, ஆனால் கொஞ்சம் மனத்தாங்கல் தெரிகிறது. சமூக உளவியலாளர் ராபர்ட் லெவின் பிரேசிலின் நிட்டெராய் நகர மாணவர்களிடமும் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாணவர்களிடமும் ஒரு கேள்வி கேட்டார்: நண்பரோடு மதிய உணவுக்குப் போவதாக இருந்தால் எத்தனை நிமிடத்துக்கு மேல் தாமதம் என்பீர்கள்? ஃபிரெஸ்னோவில் சராசரி 19 நிமிடம். நிட்டெராயில் முப்பத்து மூன்றரை. உங்கள் விநியோகஸ்தர் தன் மனதில் இன்னும் தாமதமாகவே ஆகவில்லை. உள்ளே வந்ததும் வீட்டு நலம் விசாரிப்பது நேரத்தை வீணாக்குவதல்ல. யாரோடு வியாபாரம் செய்கிறோம் என்று அவர் சரிபார்த்துக்கொள்ளும் நேரம் அது. அந்த விசாரிப்பு இல்லாமல் விலைப்பட்டியலுக்குள் குதித்தால் அவருக்கு நீங்கள் நம்பக்கூடாத ஆள்.

அவரைத் திருத்தப் போகாதீர்கள், கூட்டத்தின் வடிவத்தை மாற்றுங்கள். பிரேசில் 2019இல் கடிகார மாற்றத்தைக் கைவிட்டுவிட்டதால் சாவோ பாலோ நமக்கு எப்போதும் எட்டரை மணி பின்னால். உங்கள் கூட்டம் நம் மாலை 5.30க்கு என்றால் அவர்களுக்குக் காலை 9. அந்த ஊரின் மோசமான நெரிசல் வேளை அது. நம் இரவு 7, அதாவது அவர்களின் 10.30க்கு மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும். அன்று அவர்கள் காலையில் வாட்ஸ்அப்பில் ‘இன்று பேசுகிறோம் இல்லையா?’ என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அங்கே வியாபாரம் பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது, பத்து நாள் முன்பு ஒப்புக்கொண்ட நேரம் அன்று காலை உறுதியானால்தான் உறுதி. முதல் கால் மணிக்கு முக்கியமானது எதையும் வைக்காதீர்கள். முடிந்ததும் அரை மணி காலியாக விடுங்கள். பணம் வர வேண்டிய தேதி, சரக்கு இறக்கும் தேதி இவற்றை மட்டும் ஒப்பந்தத்தில் நாள் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தளர்வு வேண்டாம், அவரும் எதிர்பார்க்க மாட்டார். கார்னிவல் வாரத்தில் பதில் வராது. அது ஈஸ்டரைப் பொறுத்து பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும்.

ஒசாகா நமக்கு மூன்றரை மணி முன்னால், ஆண்டு முழுவதும். 12 முதல் 1 வரை அவர்களுக்குச் சாப்பாடு; நம் 10 மணி, அவர்களின் 1.30, வசதியான நேரம். வீடியோ கூட்டத்தில் ஐந்து நிமிடம் முன்பே உள்ளே இருங்கள், அவர்கள் அதற்கும் முன்பே இருப்பார்கள். நேரில் போனால் வரவேற்பில் ஐந்து நிமிடம் முன்னால். தொடக்கம் இவ்வளவு இறுக்கம், முடிவு அப்படியல்ல. கூட்டம் நீள்வது சகஜம். முடிவும் கூட்டத்தில் வராது. உங்களுக்குத் தெரியாமல் அவர்கள் துறை துறையாகப் பேசி ஒத்துப்போன பிறகுதான் வரும், வாரக்கணக்கில் ஆகலாம். ‘என்ன ஆச்சு?’ என்று மூன்று நாளுக்கு ஒருமுறை நச்சரிக்காதீர்கள். முடிவு வந்துவிட்டால் பிறகு தேதி கல்லில் செதுக்கியது.

ஜப்பானின் நேர ஒழுங்கை வியந்து பேசுபவர்கள் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்வார்கள். 2017 நவம்பரில் தோக்கியோ அருகே சுக்குபா எக்ஸ்பிரஸ் 9.44.40க்குப் புறப்பட வேண்டியது, 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ரயில் ஐந்து நிமிடம் பிந்தினாலே அலுவலகத்தில் காட்டச் சான்றுச் சீட்டும் தருகிறார்கள். இதன் மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை. 2005 ஏப்ரல் 25 அன்று, ஒசாகாவுக்கு அருகிலேயே அமாகசாகியில், சுமார் ஒன்றரை நிமிடம் பிந்தியிருந்த ரயில் வளைவில் அளவு மீறிய வேகத்தில் போய்த் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டிடத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தவறு செய்யும் ஓட்டுநர்களுக்கு நிறுவனம் கொடுத்த தண்டனைப் பயிற்சி பற்றிய அச்சமும் விசாரணையில் பேசப்பட்டது. உங்கள் குழுவில் நேரத்தை இறுக்கும்போது இதை மனதில் வையுங்கள். பிந்துபவரைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்தினால் அடுத்த முறை அவர் நேரத்துக்கு வருவார், சோதனையை முடிக்காமல்.

நமக்கு இது ரத்தத்திலேயே இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், ஜப்பானியர் ரத்தத்திலும் இருந்ததில்லை. 1850களின் இறுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுத்த டச்சு அதிகாரி காட்டென்டைக்கே, சொன்ன நேரத்துக்கு எதுவும் வந்து சேராத ஊர் என்று அந்நாட்டைப் பற்றி அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அன்று அங்கே பகலை ஆறு கூறாகப் பிரித்தார்கள். கோடையில் ஒரு கூறு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும், நிமிடத்துக்கு வேலையே இல்லை. 1873இல் மேற்கத்திய நாட்காட்டியும் 24 மணிக் கணக்கும் வந்தன. ரயிலும் பள்ளியும் தொழிற்சாலையும் மீதியைச் செய்தன. 1920இல் ஜூன் 10ஐ நேரத்துக்கான நாளாக அறிவித்து மக்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் ஓடியதே சென்னை வானாய்வகம் கணித்த மதராஸ் நேரத்தில்தான். 1906 ஜனவரி 1 முதல்தான் இந்திய நேரம். ஆக, பழக்கம் வருகிறது, ஆனால் அதற்கு ரயில் மாதிரி ஏதாவது ஒன்று காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். பிந்தியவருக்காக நீங்கள் காத்திருக்கும் வரை உங்கள் குழுவில் எதுவும் மாறாது. உள்ளூர்க் கூட்டங்களையும் யார் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நிமிடத்தில் தொடங்குங்கள். பிந்தி வருபவருக்காக முதலிலிருந்து திருப்பிச் சொல்லாதீர்கள். நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பம்பு நிறுவனம் என்பதால் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆர்டர் வரலாம். எத்தியோப்பியாவில் மக்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை 7 அவர்களுக்கு 1. ‘3 மணிக்கு வாருங்கள்’ என்றால் காலை 9. கென்யாவிலும் தான்சானியாவிலும் சுவாஹிலியில் பேசும்போது இதே கணக்கு, ஆங்கிலத்தில் பேசும்போது நம் கணக்கு. அங்கே ஆறு மணி நேரம் பிந்திப் போய் நிற்பவர் நேரம் தவறியவரே அல்ல, கேட்காமல் விட்டவர். ‘எங்கள் கணக்கா, உங்கள் ஊர்க் கணக்கா?’ என்று ஒரு கேள்வி போதும்.

கடைசியாக, ஸ்டுட்கார்ட் பொறியாளர்கள் பம்பு சோதனையைப் பார்க்கக் கோவை வரும்போது. பத்து மணிக்குச் சோதனை என்றால் பத்து மணிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பொன்னாடை, தேநீர், எம்.டி.யின் வரவேற்புரை எல்லாவற்றையும் 9.15 முதல் 9.45க்குள் வைத்து நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டே கொடுத்துவிடுங்கள். அந்த வாரம் அலுவலகத்தில் யாருக்காவது கல்யாணம் வந்து அவர்களையும் அழைத்தால், பத்திரிகையை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். தாலி கட்டுவது இத்தனை மணிக்கு, இதைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு இருபது நிமிடம் முன்னால் வாருங்கள். மாலை வரவேற்பில் 6.30 என்று போட்டிருக்கும், 7.45க்கு வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் 6.25க்குக் கோட்டு சூட்டோடு காலி மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள், உங்களையும் போன் போட்டுக் கேட்பார்கள்.